காலியாக இருந்த முதல் நாற்காலி

அத்தியாயம் 6

"பேய்க்கு ஈமெயில் ஐடி இருக்குதுன்னு இன்னிக்குத்தான் கேள்விப்படறேன் மேடம். எனக்கே போன மாசந்தான் கெடச்சுது" என்றான் காத்தவராயன்.

அபிதகுசாம்பாள் சிரிக்கவில்லை. வேலூர் டெலிபோன் எக்சேஞ்சில் இருபத்திரண்டு வருடம் ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கிவிட்டு, விருப்ப ஓய்வில் வெளியே வந்து துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். யார் எதைச் சொன்னாலும் மூன்று விநாடி சும்மா இருப்பாள். அந்த மூன்று விநாடிக்குள் எதிராளி மிச்சத்தையும் தானாக உளறிவிடுவான் என்பது அவள் அனுபவம். காத்தவராயன் நாலு வருடமாக அவளிடம் உளறிக்கொண்டிருக்கிறான், அதற்குச் சம்பளமும் வாங்குகிறான்.

ஆனால் இன்றைக்கு அவன் விட்ட ஜோக்கில் பாதி பயம். பேய் என்றால் அவனுக்கு ஆகாது. வேலூரிலிருந்து ஆரணி வரும் வரை பஸ்ஸில் கந்த சஷ்டி கவசத்தை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லி முடித்திருந்தான். அதை மேடத்திடம் சொல்வானா? மூச்சு விடமாட்டான்.

திரிசலா அம்மாளின் வீட்டு வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. பட்டப்பகலில் கதவு திறந்திருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். பதினான்கு மாதமாக அந்தக் கதவு சாத்தப்படவே இல்லை, அதுதான் அதிசயம்.

"கதவ மூடிட்டா, வந்து பாத்துட்டுத் திரும்பிடுவான்" என்றாள் திரிசலா. ஐம்பத்தைந்து வயது. வெள்ளைச் சேலை, மெலிந்த கை, வாசலைவிட்டு அகலாத கண். "எங்க ஹேமா கூச்ச சுபாவங்க. தட்டமாட்டான்."

ஹேமசந்திரன் அவளுடைய ஒரே மகன். ஆரணியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். 'கணித்திரை' என்ற சென்னை மாத இதழில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு விமர்சனம் எழுதுவான். இரண்டாயிரத்து ஐந்து நவம்பர் வெள்ளத்தில், பெரணமல்லூரில் ஒரு கம்ப்யூட்டரை ரிப்பேர் பார்த்துவிட்டுத் திரும்பியவன் தரைப்பாலத்தில் அடித்துக்கொண்டு போனான். பைக் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. போலீஸ் தேடிப் பார்த்துவிட்டு ஃபைலை மூடிவிட்டது. அப்பா ரத்னம் அழுது முடித்துவிட்டுத் தன் பாத்திரக் கடைக்குத் திரும்பினார். அம்மா மட்டும் நம்பவில்லை. கடைசியில் அவளும் நம்பத் தொடங்கிய சமயத்தில்தான் அது நடந்தது.

செத்தவன் எழுத ஆரம்பித்தான்.

அக்டோபர் மாதக் 'கணித்திரை'யில் ஒன்று. டிசம்பரில் ஒன்று. இந்த ஜனவரியில் ஒன்று. மூன்றும் 'ஆரணி ஹேமசந்திரன்' பெயரில். மூன்றும் அவனுடைய ஈமெயிலில் இருந்து போனவை. இதழ்க்காரர்கள் அவனை நேரில் பார்த்ததே கிடையாது, அவன் ஆற்றோடு போன செய்தியும் அவர்களுக்கு எட்டவில்லை. எழுத்து பத்து மாதம் போல நின்றது, மறுபடி வந்தது, அச்சுக்கு அனுப்பினார்கள். அவ்வளவுதான் அவர்களுக்கு.

"அவன் கடைச் சாவி ரெண்டுங்க" என்றாள் திரிசலா. "ஒண்ணு கடைக் கூட்டாளி வேணுகோபால்கிட்ட. இன்னொண்ணு எப்பவும் இவன் பாக்கெட்ல. பைக்கு கெடச்சுது, செருப்பு கெடச்சுது, சாவி கெடைக்கல. சாவி அவன்கிட்ட இருக்குதுன்னா அவனும் இருக்கான்னுதான அர்த்தம்?"

ரத்னம் தூணில் சாய்ந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெங்களூர்ல பொண்ணுக்குப் பத்து நாள்ல பிரசவம் மேடம். மொதப் பிரசவம். டெய்லி போன் பண்ணி அழுவுது. இவ வாசல விட்டு நகரமாட்டேன்றா. இருக்கானா இல்லையா, நீங்களாவது ஒண்ணு சொல்லிடுங்க."

"நெசத்தச் சொல்லணும்" என்றாள் திரிசலா. "இருக்கான்னா இங்கயே உக்காந்திருப்பேன். இல்லன்னா..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காத்தவராயன் தொண்டையைச் செருமினான். அவனுக்கும் அம்மா உண்டு.

அபிதகுசாம்பாள் மூன்று இதழ்களையும் வாங்கி மடியில் விரித்துக்கொண்டாள். மூன்று கட்டுரையும் ஒரே விளையாட்டைப் பற்றியவை. 'கோமெட் பிரிகேட்' என்று பெயர். நாலு சூப்பர் ஹீரோக்கள் ஒன்றாகச் சேர்ந்து ஊரைக் காப்பாற்றும் சண்டை விளையாட்டு. ஒரே கம்ப்யூட்டரில் நாலு பேர் வரை கூட்டாக ஆடலாம். சேர்த்துக்கொண்ட வீரனை ஓட்ட ஆள் இல்லாவிட்டால் அவனைக் கம்ப்யூட்டரே ஓட்டும். போன ஞாயிற்றுக்கிழமை வேலூரில் இருவரும் மூன்று மணி நேரம் அதை ஆடிப் பார்த்திருந்தார்கள். ஆராய்ச்சி என்று பெயர். காத்தவராயன் அந்த நாளுக்கு பேட்டா கேட்டதில்தான் கொஞ்சம் மனத்தாங்கல்.

"மத்தவங்க இன்னா சொல்லிக்கிறாங்கன்னு வாசி."

காத்தவராயன் பையிலிருந்து பிரிண்ட் அவுட்டுகளை எடுத்தான். "அமெரிக்கா வெப்சைட், பத்துக்கு ஆறு. லண்டன் பத்திரிகை, ஆறரை. பெங்களூர் இங்கிலீஷ் புக்கு, ஏழு. அவரு ஒருத்தருதான் கொஞ்சம் நல்ல மூடுல இருந்திருக்காரு. எல்லாரும் ஒரே விஷயத்தத்தான் திட்டிக்கிறாங்க மேடம். கூட ஆள் இருந்தா ஆட்டம் ஜோரு, ஆள் இல்லன்னா பேஜாரு. கம்ப்யூட்டர் ஓட்ற வீரனுக்கு மூளையே கெடையாது. நம்ம பின்னாலயே சுத்தறான், வாசப்படிய மறிச்சுகினு நிக்கறான். லண்டன்காரரு, 'இவனைவிட ஒரு தூண் மேல்'னு எழுதிக்கிறாரு."

"ஆரணி?"

"பத்துக்கு ஒம்போது. அதுக்கு வாசகர்கள் கும்மிட்டாங்க. 'உலகமே ஆறு குடுக்கும்போது உங்களுக்கு மட்டும் என்ன ஒம்போது? கம்பெனிக்காரன் உங்க சித்தப்பாவா?'ன்னு கோயம்புத்தூர்லேர்ந்து ஒருத்தர். அதுக்குப் பதில்தான் ரெண்டாவது கட்டுரை."

அவள் இரண்டாவது கட்டுரையைத் தானே வாசித்தாள், மெல்லிய குரலில்:

"கூட ஆடியவர் எழுந்து போய்விட்டால் அவருடைய வீரன் மறைந்துவிடுவதில்லை. ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே நிற்கிறான். பிறகு தானாக நடந்து வருகிறான். நாம் நின்றால் நிற்கிறான். நாம் விழுந்தால் ஓடிவந்து தூக்கிவிடுகிறான். வழியை மறிக்கிறான் என்று எல்லோரும் கோபிக்கிறார்கள். மறிக்கட்டுமே. மறிப்பதற்காவது ஒருவன் இருக்கிறானே. அதற்குத்தான் ஒன்பது மதிப்பெண். ஒரே ஒரு குறை சொல்வேன். ஊர் வரைபடம் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் பக்கத்து ஜாய்ஸ்டிக்கை எட்டி எடுக்க வேண்டியிருக்கிறது."

காத்தவராயனுக்கு முதுகில் சில்லென்றது. செத்தவன் எழுதியது என்று வைத்துக்கொண்டு கேட்டுப்பாருங்கள், உங்களுக்கும் சில்லிடும்.

அபிதகுசாம்பாள் கடைசி வரியின் கீழ் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். "ஞாயித்துக்கிழம நம்ம ஆட்டத்துல வரைபடத்த யாரு தொறந்தது காத்தவராயா?"

"நான்தான் மேடம். மொத ஜாய்ஸ்டிக்ல மட்டுந்தான அது தொறக்கும்? நீங்க ரெண்டாவது. பதவியில பெரியவங்க, ஆட்டத்துல சின்னவங்க."

"ம்" என்றாள் அவள்.

பிரவுசிங் சென்டர் நெசவாளர் தெருவில் இருந்தது. தெருவுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் தறிச் சத்தம் தடக்தடக்கென்று வந்து காதில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். தெருக்காரர்கள் கத்துவதாக உணராமலே கத்தினார்கள்.

ஹேமசந்திரனோடு கூட்டாகக் கடை போட்டவன் வேணுகோபால். இப்போது தனியாக நடத்துகிறான். மாலை வேளைக் கூட்டத்தைக் கவனித்துக்கொண்டே நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான். ஜனவரி மாதத்தில் வேர்வை வருகிறதென்றால் வேறு சமாசாரம்.

"நான் எழுதலைங்க! சத்தியமா நான் எழுதல. அவன் பாஸ்வேர்டே எனக்குத் தெரியாது. அம்மா பேரு, அப்பா பேரு, பொறந்த தேதி, எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். தொறக்கல."

"எதுக்குத் தொறக்கப் பாத்தீங்க?"

மூன்று விநாடி ஆயிற்று.

"பயத்துலங்க" என்று உளறினான் வேணுகோபால். "வாங்க, காமிக்கறேன்."

கடைசித் தடுப்புக்குள் நாலாம் நம்பர் சிஸ்டம் இருந்தது. ஹேமசந்திரனுடைய சொந்த சிஸ்டம். அதை வேணுகோபால் வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதில்லை. மேஜை மேல் இரண்டு ஜாய்ஸ்டிக், முன்னால் இரண்டு நாற்காலி. "போன செப்டம்பர்ல சென்னையிலேர்ந்து அவன் பேருக்கு இந்த சிடி கூரியர்ல வந்துச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கி இங்க மேசையில வெச்சேன். பிரிக்க மனசு வரல. கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா கவர் பிரிச்சிக்குது, கேம் சிஸ்டத்துல ஏறிக்குது! இத பாருங்க."

திரையில் 'கோமெட் பிரிகேட்' பட்டியல் விரிந்தது. விளையாடியவர் எங்கே நிறுத்தினாரோ அந்த இடத்தை விளையாட்டு தேதியோடு சேமித்து வைத்திருந்தது. செப்டம்பர் இருபத்திரண்டு. நவம்பர் இருபது. டிசம்பர் இருபது. மூன்றும் பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிக்குள்.

காத்தவராயன் சுவரில் தொங்கிய பழைய நாட்காட்டியைப் புரட்டினான். புரட்டப் புரட்ட முகம் வெளுத்தது. "மேடம்... மூணும் அமாவாச!"

"தெரியுங்க" என்றான் வேணுகோபால். "அமாவாசைக்கு அமாவாச நான் மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போயிடுவேன். கட பூட்டியிருக்கும். ஷட்டருக்கு உள்ள ஒரு ஈ காக்கா இருக்காது. மறுநாள் வந்து பாத்தா மேசையில தூசி இல்ல. பூட்டு மட்டும் போட்டது போட்டபடி. ஒரு சாவி என் இடுப்புல. இன்னொண்ணு... அவன்கிட்ட."

தறிகள் அடித்துக்கொண்டே இருந்தன. காத்தவராயன் நாலாம் நம்பரின் நாற்காலியில் உட்காரப் போனவன், சட்டென்று எழுந்து நின்றுகொண்டான்.

"ஐப்பசி அமாவாசை எங்க?" என்று கேட்டாள் அபிதகுசாம்பாள்.

"எது மேடம்?"

"செப்டம்பர் இருக்குது, நவம்பர் இருக்குது, டிசம்பர் இருக்குது. நடுவுல அக்டோபர் இல்லியே. அது தீபாவளி அமாவாசை."

"பேயும் எண்ணெ தேய்ச்சுக் குளிச்சிட்டுப் பலகாரம் சாப்புட்டுப் படுத்துக்கிச்சு போல" என்றான் காத்தவராயன், பல் கிட்டிப்போகாமல் இருக்க ஒரு ஜோக் தேவைப்பட்டதால்.

அபிதகுசாம்பாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். அவன் ஏதோ உருப்படியாகச் சொல்லிவிட்டான், என்னவென்று அவனுக்கு மட்டும் தெரியாது.

"நாளைக்கு தை அமாவாச. வேணு, நீங்க வழக்கம்போல மேல்மலையனூர் போங்க. சாவிய எங்ககிட்ட குடுத்துட்டுப் போங்க."

"நம்மகிட்டயா? நாமளா? உள்ளயா?" என்று கேட்டான் காத்தவராயன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டை குரல் ஏறியது.

மறுநாள் காலை பத்து மணி. தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலடி நடந்த காத்தவராயன் அப்படியே நின்றான்.

சத்தமே இல்லை.

நேற்று காதைக் கிழித்த தெரு இன்றைக்கு ஊமையாகக் கிடந்தது. வெயில் இருக்கிறது, வீடுகள் இருக்கின்றன, வாசலில் கோலம் இருக்கிறது, ஆனால் ஒரு தறியும் பேசவில்லை. தன் செருப்புச் சத்தமே தனக்குக் கேட்டதும் அவன் மேடத்தின் பக்கம் நெருங்கி நடந்தான். டீக்கடையில் ஆளுக்கொரு கிளாஸ் வாங்கியதும் முதல் வேலையாகக் கேட்டுவிட்டான்.

"இன்னாங்க, தெருவே இப்பிடிக் கெடக்குது? யாராச்சும்... ஏதாச்சும்..."

டீ மாஸ்டர் அவனை விநோதமாகப் பார்த்தார். "அமாவாசைங்க. அமாவாசைக்குத் தறி ஓடாது. ஆரணியில பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியும். நெசவுக்காரங்களுக்கு மாசத்துல அது ஒருநாள்தான லீவு?"

அபிதகுசாம்பாள் டீ கிளாஸைப் பலகையில் வைத்தாள்.

"மடச்சி!" என்றாள். தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். "ராத்திரி பூரா யோசிச்சேன், பேய்க்கு எதுக்கு அமாவாசைன்னு. பேய்க்கு இல்லடா. லீவு கெடைக்கிறவங்களுக்கு அமாவாச. மத்த நாள்ல தறியில உக்காந்தே ஆவணும், எழுந்து வர முடியாது. தீபாவளி அன்னிக்கு லீவுதான், ஆனா வீட்ட வுட்டு வெளிய போனா எங்க போறேன்னு கேப்பாங்க. அதான் வரல."

"அப்ப ஹேமசந்திரன்?"

"ஜல்தி வா. உள்ள போயி சொல்றேன்."

வேணுகோபாலின் சாவியால் பின்பக்கக் கதவைத் திறந்து உள்ளே போய், மறுபடி பூட்டிக்கொண்டு, மூன்றாம் தடுப்புக்குள் ஒளிந்து உட்கார்ந்தார்கள். மூடிய ஷட்டரின் இடுக்குகளில் வெயில் கோடுகளாக விழுந்தது. திரைகளெல்லாம் கறுப்பாக வரிசை கட்டி நின்றன. எதிலும் தன் முகம் தெரிந்துவிடக் கூடாதென்று காத்தவராயன் தரையைப் பார்த்துக்கொண்டான்.

"வரைபடம் மொத ஜாய்ஸ்டிக்ல மட்டுந்தான் தொறக்கும்" என்று கிசுகிசுத்தாள் அபிதகுசாம்பாள். "தனியா ஆடறவன் எந்த நாக்காலியில உக்காருவான்?"

"மொதல்லதான்."

"மொதல்ல உக்காந்தவன் எதுக்குப் பக்கத்து ஜாய்ஸ்டிக்க எட்டி எடுக்கணும்? உலகத்துல அத்தன பேரு இந்த ஆட்டத்துக்கு விமர்சனம் எழுதினாங்க. ஒருத்தனும் இந்தக் குறைய சொல்லல. சொல்ல முடியாது. ஏன்னா ஒருத்தரும் மொத நாக்காலியக் காலியா வெச்சிட்டு, ரெண்டாவது நாக்காலியில தனியா உக்காந்து ஆடல. இங்க மட்டும் யாரோ அப்பிடி ஆடறாங்க."

காத்தவராயனுக்கு இப்போது பயம் போய் வேறு ஏதோ வந்தது. அதற்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஹேமசந்திரன் இல்ல மேடம். ஹேமசந்திரனோட..."

சாவி திரும்பும் சத்தம்.

அவன் வாயை மேடத்தின் கை பொத்தியது. பின்கதவு ஒரு சாண் திறந்தது. வெளிச்சத்தில் நிழல் ஒன்று நீளமாகத் தரையில் விழுந்து, சுருங்கி, உள்ளே வந்தது. கதவு மூடியது. காலடி நேராக நாலாம் நம்பருக்குப் போயிற்று. நாற்காலிகளைத் துணியால் துடைக்கும் ஓசை. ஒன்று, இரண்டு. கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. சண்டை இசை மெல்லக் கேட்டது.

பலகை இடுக்கின் வழியே காத்தவராயன் பார்த்தான். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதுப் பெண். இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதல் ஜாய்ஸ்டிக்கின் பொத்தானை ஒரு தடவை அழுத்தி, அதைக் காலி நாற்காலிக்கு எதிரே ஒழுங்காக வைத்தாள். திரையில் இரண்டு வீரர்கள் நின்றார்கள். சிவப்பு வீரன் அசையவில்லை, நீல வீராங்கனையும் அசையவில்லை. அந்தப் பெண் மடியில் கைவைத்துக் காத்திருந்தாள். முழுசாக ஒரு நிமிடம்.

பிறகு சிவப்பு வீரன் தானாகத் திரும்பி அவளிடம் நடந்து வந்தான்.

"வந்துட்டீங்களா?" என்றாள் அவள் திரையிடம்.

நாலு வருட உத்தியோகத்தில் காத்தவராயன் எத்தனையோ திருடர்களைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறான். இவளைப் பிடிக்க அவனுக்கு எழுந்திருக்கவே மனசில்லை. மேடம்தான் எழுந்து போனாள்.

"பயப்படாத கண்ணு. ஹேமாவோட அம்மா அனுப்பி வந்திருக்கோம்."

அவள் பெயர் திலகவதி. இரண்டு வீடு தள்ளி அவர்கள் தறி. பட்டுச் சேலைக்கு வேறு நிறத்தில் கரை சேர்க்க இரண்டு பேர் வேண்டும். அப்பா வலதுபக்கம் உட்கார்ந்து நெய்வார், இவள் இடதுபக்கம் இருந்து கரை நூல் சுற்றிய நாடாவைத் தறியில் ஓட்டுவாள். மாதத்தில் ஒருநாள், அமாவாசையன்று, புதுக்காமூர் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு இங்கே வருவாள். ஹேமசந்திரன் முதல் நாற்காலி, இவள் இரண்டாவது. மூன்று வருடம்.

"விமர்சனம் எழுதுறதுக்கு முன்னால ரெண்டு பேரும் ஆடிப் பாப்போம். நான் சொல்லச் சொல்ல அவரு எழுதுவாரு. டைப்பு அடிக்க அவருதான் கத்துக் குடுத்தாரு. சாவியும் என்கிட்ட குடுத்துட்டாரு, அவரு லேட்டா வந்தா நான் தெருவுல நிக்கக் கூடாதுன்னு." அவள் உள்ளங்கையைத் திறந்தாள். சாவி வேர்வையில் நனைந்திருந்தது. "பாஸ்வேர்டு என் பேருதாங்க."

"அவரு பேர்ல எதுக்கும்மா எழுதின?"

"சிடி அவரு பேருக்குத்தான வந்துது? இருந்திருந்தா எழுதியிருப்பாரு. அதான் எழுதினேன்." அதுவரை நிதானமாகப் பேசியவள் அங்கே உடைந்தாள். "அழுவுறதுக்கு எனக்கு ஒரு எடம் வேணுமில்லீங்களா? அவங்க வேற சாதி, வேற சாமி. நான் யாருன்னு சொல்லிட்டு அந்த வீட்டுக்குப் போயி அழுவுறது? எங்க வீட்லயும் அழுவ முடியாது. தறியில உக்காந்து அழுதா பட்டுல கறை வுழும்னு திட்டுவாங்க. இங்க வந்தா அவரு பின்னாலயே வர்றாரு. எல்லாரும் அத முட்டாள்னு எழுதறாங்க. எனக்குத் தாங்கல மேடம்."

"நீ எழுதினத வெச்சு அவங்கம்மா மகன் உசுரோட இருக்கான்னு நம்பிக்கினு இருக்காங்க" என்றாள் அபிதகுசாம்பாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் விடாமல் முழுக்கச் சொன்னாள். திறந்த கதவு, பெங்களூர் மகள், பத்து நாள். திலகவதியின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று.

"ஐயோ! அவங்க அதப் படிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. சாமி சத்தியமா தெரியாது." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நானே வந்து சொல்றேன்."

திரிசலா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்று பேர் வருவதைப் பார்த்ததும் நாலாவதாக ஒருவன் வருகிறானா என்று தெருவைப் பார்த்தாள். அதைப் பார்த்த காத்தவராயன் தலையைக் குனிந்துகொண்டான்.

பேச வந்த திலகவதி குனிந்து சாவியைத் திரிசலாவின் கையில் வைத்தாள்.

திரிசலா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது உங்கிட்டயா இருந்துது?"

"ஆமாங்க."

"எப்பத்திலேர்ந்து?"

"அவரு போறதுக்கு ரெண்டு வருசம் முன்னாலேர்ந்து."

"அந்த எழுத்து?"

"நான்தாங்க."

ரத்னம் மனைவி விழுந்துவிடுவாள் என்று பக்கத்தில் ஓடி வந்தார். அவள் விழவில்லை. அவள் கேட்டது வேறு கேள்வி.

"அமாவாசைக்கு அமாவாச ரெண்டு டப்பா கட்டச் சொல்லுவான். வேணுவுக்குன்னு நெனச்சுக்குவேன். எலுமிச்சஞ்சாதம் உனக்கா போச்சு?"

"உங்க கைல செஞ்சது எனக்கு ரொம்பப் புடிக்குங்க" என்றாள் திலகவதி. அதற்கப்புறம் இரண்டு பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. பதினான்கு மாதமாக ஒருத்தி வாசலிலும் ஒருத்தி பூட்டிய கடையிலும் சேர்த்து வைத்த அழுகை அது.

அழுது ஓய்ந்ததும் திரிசலா எழுந்தாள். "எனக்குக் காமி. எங்க வர்றான்னு காமி."

இரண்டு தெரு நடந்து போனார்கள். முதல் நாற்காலியில் உட்காரச் சொன்னதற்குத் திரிசலா மறுத்துவிட்டாள். "அது அவன் எடம்." பின்னாலேயே நின்றாள். திலகவதி இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். சிவப்பு வீரன் ஒரு நிமிடம் சும்மா நின்றான், பிறகு நடந்து வந்தான். அவள் ஓடினால் ஓடினான், நின்றால் நின்றான். ஓரிடத்தில் வேண்டுமென்றே எதிரியிடம் அடிவாங்கி விழுந்தாள். அவன் பாய்ந்து வந்து தூக்கிவிட்டான்.

"இப்பிடித்தான் இருப்பான்" என்றாள் திரிசலா. "சின்ன வயசுல யாராவது வுழுந்தா இவன் அழுவான்."

ஊரின் எல்லையில் ஒரு வாசல் வந்தது. அதைத் தாண்டினால் அடுத்த ஊர். சிவப்பு வீரன் அவளுக்கு முன்னால் போய், அந்த வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டான். லண்டன்காரர் தூண் என்று எழுதிய அதே நிலை. நீல வீராங்கனை இப்படி அப்படி முட்டிப் பார்த்தாள். அவன் நகரவில்லை.

திரிசலா குனிந்து திரைக்கு அருகே முகத்தைக் கொண்டு போனாள். தூங்கும் குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"வழிய வுடுப்பா. உன் தங்கச்சி காத்துக்கினு இருக்கா. அம்மா போவணும்."

திலகவதிக்குக் கண்ணீரில் திரை தெரியவில்லை. கட்டைவிரலால் தடவி நீல வீராங்கனையை இரண்டடி பின்னால் நகர்த்தினாள். சிவப்பு வீரன் அவளோடு வந்தான். வாசல் திறந்து கிடந்தது.

காத்தவராயன் ஒரு ஜோக் தேடினான். கிடைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஆட்டத்துக்கு நானும் ஒம்போது மார்க்கு மேடம்" என்றான்.

மாலை நாலரை மணிக்கு ரத்னம் பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்க ஆட்டோ கொண்டுவந்தார். வீட்டுப் பூட்டைத் தேடி எடுத்தபோது அது துருப்பிடித்துப்போயிருந்தது. பதினான்கு மாதம் வேலையில்லாமல் கிடந்த பூட்டு. காத்தவராயன் சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்து விட்டு, ஆட்டி, திருகி, வழிக்குக் கொண்டுவந்தான். திரிசலா தானே கதவைச் சாத்தினாள், தானே பூட்டினாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

பிறகு வீட்டுச் சாவியையும் கடைச் சாவியையும் ஒரே கயிற்றில் கோத்து, முடிச்சுப் போட்டு, தெருவோரம் ஒதுங்கி நின்ற திலகவதியைக் கூப்பிட்டு அவள் கையில் வைத்தாள்.

"நான் வர மூணு மாசம் ஆவும். அமாவாசைக்கு அமாவாச வந்து தொறந்து பெருக்கி வை. பின்னால ஒளிஞ்சுகினு வராத, வாசப்பக்கமா வா. யாராவது யாருன்னு கேட்டா, இந்த வீட்டுப் பொண்ணுன்னு சொல்லு."